நெஞ்சில் தண்ணீர்: பரிசோதனைத் தாளை வாசிக்கப் பழகுவோம்

"நுரையீரலைச் சுற்றித் தண்ணீர் சேர்ந்திருக்குது" என்று வாட்டில் டொக்டர் சொன்னதும் வீட்டார் கேட்கும் முதல் கேள்வி, "எப்ப எடுப்பீங்கள், ஐயா?" என்பதுதான். மூச்சு வாங்கிக்கொண்டு, நிமிர்ந்து படுக்க முடியாமல் இரண்டு தலையணையில் சாய்ந்திருக்கும் தகப்பனைப் பார்த்துக்கொண்டு நிற்கும் மகளுக்கு வேறு கேள்வி எங்கே வரும்? ஆனால் எடுத்த தண்ணீர் ஒரு கிழமையில் திரும்பவும் ஊறலாம். காசநோயால் ஊறிய தண்ணீர் என்றால் ஆபத்து வேறு மாதிரி. மருந்தே கொடுக்காவிட்டாலும் அது சில மாதங்களில் தானாக வற்றிவிடும். ஆள் தேறிவிட்டார் என்று எல்லாரும் நிம்மதியாக இருப்பார்கள். அடுத்த சில வருடங்களுக்குள் அப்படி விடப்பட்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு நுரையீரலிலோ வேறு உறுப்பிலோ காசநோய் வெளிப்படும். காசநோய்க்கு நல்ல மருந்து இல்லாத காலத்து நோயாளிகளை வருடக்கணக்காகப் பின்தொடர்ந்து பார்த்து அறிந்த உண்மை இது. அதனால்தான் "எப்ப எடுப்பீங்கள்?" என்பதோடு "ஏன் வந்தது என்று பார்க்க என்னென்ன அனுப்புவீங்கள்?" என்றும் கேட்கச் சொல்கிறேன்.

நான் பரிசோதனைக்கூடத்தில் பல வருடம் வேலை செய்தவன். மூதூர், கிண்ணியா, தம்பலகாமம், குச்சவெளி, புல்மோட்டை என்று திருகோணமலை மாவட்டத்தின் எல்லாப் பக்க நோயாளிகளின் மாதிரிப் போத்தல்களும் என் கையால் போயிருக்கின்றன. அந்த மஞ்சள் நீருக்குள் எவ்வளவு சேதி இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதைக் கேட்காமலே ஊற்றிக் கழுவிவிட்ட நாட்களும் உண்டு, அது இன்றைக்கும் மனதில் கிடக்கிறது. முதல் முறையாக இந்த வருத்தத்தோடு ஆஸ்பத்திரிக்கு வந்து, கையில் ஒரு ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு ஒன்றும் விளங்காமல் நிற்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். மருந்தைத் தீர்மானிப்பது டொக்டர்தான். ஆனால் வீட்டார் கொடுக்கும் ஒரு தகவலும், கேட்கும் ஒரு கேள்வியும் அந்தத் தீர்மானத்தைப் பல நாள் முந்திக் கொண்டுவரும்.

முதலில், தண்ணீர் எங்கே இருக்கிறது?

நுரையீரலுக்குள் இல்லை. நுரையீரலை ஒரு மெல்லிய சவ்வு போர்த்தியிருக்கிறது, நெஞ்சுக்கூட்டின் உட்பக்கத்தை இன்னொன்று போர்த்தியிருக்கிறது. இரண்டுக்கும் இடையில் எல்லாருக்குமே ஒரு மேசைக்கரண்டி அளவு நீர் இருக்கும். மூச்சு விடும்போது இரண்டும் உரசாமல் வழுக்க அது வேண்டும். அந்த நீர் ஊறிக்கொண்டும் வடிந்துகொண்டும் இருக்கும். ஊறுவது கூடினாலோ, வடியும் வழி அடைபட்டாலோ அது லீற்றர் கணக்கில் சேர்ந்து நுரையீரலை அமத்தும்.

சேர்வதற்கான காரணங்களை இரண்டு குடும்பமாகப் பிரிக்கலாம். ஒரு குடும்பத்தில் சவ்வு நல்லாகத்தான் இருக்கும், பிழை வேறு இடத்தில். இதயம் பலவீனமாகி இரத்தக் குழாய்களில் அழுத்தம் கூடுகிறது, அல்லது ஈரல் சுருங்கி அல்புமின் என்ற இரத்தப் புரோட்டீன் குறைகிறது, அல்லது சிறுநீரகம் புரோட்டீனைச் சிறுநீரோடு விட்டுவிடுகிறது. அப்போது இரத்தத்திலிருந்து தண்ணீர் மட்டும் கசிகிறது. இதை ட்ரான்சுடேட் என்பார்கள். மற்றக் குடும்பத்தில் சவ்வே நோய்ப்பட்டிருக்கும். காசநோய், நிமோனியா, புற்றுநோய் எல்லாம் இங்கேதான். புண்பட்ட சவ்வின் வழியே புரோட்டீன், நொதியம், கலங்கள் எல்லாம் சேர்ந்து இறங்கும். அது எக்சுடேட். பயோமார்க்கர் என்று சொல்லப்படுபவை அப்படி நீரில் இறங்கிய தடயங்கள்தான். ஒவ்வொரு நோயும் ஒவ்வொரு தடயத்தை விட்டுப்போகிறது.

எல்லாருக்கும் ஊசி குத்தவேண்டியதில்லை

இதை முதலிலேயே சொல்லவேண்டியது எங்கள் ஊருக்கு அவசியம், ஏனென்றால் இங்கே டெங்கு இருக்கிறது. 2017 இல் கிண்ணியா பட்ட பாட்டை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். டெங்கில் காய்ச்சல் இறங்கும் நேரத்தில் இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து நெஞ்சிலும் வயிற்றிலும் சேரும், பெரும்பாலும் வலப்பக்க நெஞ்சில். ஸ்கேனில் அது தெரிந்தால் கசிவு தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அந்த நீரைக் குத்தி எடுப்பதில்லை. பிளேட்லெட் குறைந்திருக்கும் ஆளுக்கு அது இரத்தப்போக்கைக் கொண்டுவரும். அங்கே பார்க்கவேண்டிய குறி இரத்தத்தில் இருக்கிறது. பிசிவி (இரத்தத்தில் செங்கலங்களின் பங்கு) ஏறுகிறதா, பிளேட்லெட் இறங்குகிறதா என்று மணிக்கணக்கில் பார்ப்பார்கள். ஒன்று, இரண்டு நாளில் கசிவு நின்று நீர் தானாக உடம்புக்குள் திரும்பும். டெங்கு வாட்டில் "ஏன் இன்னும் தண்ணியை எடுக்கேல்ல?" என்று மிஸ்ஸிடம் சண்டை பிடிக்க வேண்டாம்.

இதய வருத்தம் ஏற்கெனவே தெரிந்திருந்து, கால் இரண்டும் வீங்கி, இரண்டு பக்க நெஞ்சிலும் தண்ணீர் இருந்தால், முதலில் சிறுநீர் போவதற்கான மருந்தைக் கொடுத்துச் சில நாள் பார்ப்பார்கள். அதுவும் சரியான வழிதான். ஆனால் தண்ணீர் ஒரு பக்கம் மட்டும் இருக்கிறது, காய்ச்சல் இருக்கிறது, மூச்சை இழுத்தால் குத்துகிறது, உடம்பு மெலிந்துகொண்டு போகிறது, மருந்துக்கும் குறையவில்லை என்றால் ஊசி போட்டு நீரைப் பார்த்தே ஆகவேண்டும்.

வாயைத் திறந்து சொல்லவேண்டியவை

வாட்டில் அவசரமாகக் கேட்பார்கள், நாமும் அவசரமாக "ஒண்டும் இல்லை" என்போம். அப்படிச் சொல்லாதீர்கள். இரத்தம் உறையாமலிருக்க வார்பரின், குளோபிடோகிரெல் போன்ற குளிசை எடுக்கிறாரா என்பதை ஊசிக்கு முன்னமே சொல்லவேண்டும். சிறுநீர் போக புருசமைட் எடுக்கிறாரா, எத்தனை நாளாக என்பதையும் சொல்லவேண்டும். அது ஏன் என்று கணக்குப் பகுதியில் விளங்கும். சீனி வருத்தம் இருக்கிறதா, வயலில் இறங்கி வேலை செய்கிறவரா, வீட்டில் அல்லது பக்கத்து வீட்டில் எப்போதாவது சயரோகத்துக்கு (காசநோய்க்கு) மருந்து எடுத்தவர் உண்டா, புகைக்கிறாரா, கூரை சீற் வெட்டுகிற வேலையோ கப்பல் திருத்துகிற வேலையோ பார்த்தவரா என்பதெல்லாம் வேண்டும். அஸ்பெஸ்டஸ் தூசு நெஞ்சுச் சவ்வில் புற்றுநோயைக் கொண்டுவர இருபது, முப்பது, நாற்பது வருடம்கூட எடுக்கும். அதனால் "அது இளம் வயசில செய்தது" என்று விட்டுவிடக்கூடாது.

ஊசி போடும் நாள்

நோயாளியை உட்காரவைத்து, முன்னால் மேசையில் கையை ஊன்றிக் குனியச் சொல்வார்கள். ஸ்கேன் பார்த்து இடத்தைக் குறித்து, விறைக்க மருந்து போட்டு, விலா எலும்பின் மேல் விளிம்பை ஒட்டி ஊசியை இறக்குவார்கள். இரத்தக் குழாயும் நரம்பும் எலும்பின் கீழ் விளிம்போடு போவதால் அந்த ஏற்பாடு. மூச்சுமுட்டலுக்காக நிறைய எடுக்கவேண்டியிருந்தாலும் ஒரே தடவையில் வழமையாக ஒன்றரை லீற்றருக்கு மேல் எடுக்கமாட்டார்கள். அமுங்கிக் கிடந்த நுரையீரல் திடீரென்று விரிந்தால் அதற்குள்ளேயே நீர் கோத்துவிடக்கூடும். எடுக்கும்போது கடும் இருமலோ நெஞ்சு இறுக்கமோ வந்தால் உடனே சொல்லும்படி நோயாளிக்கு முன்னமே சொல்லிவையுங்கள்.

இனி நான் மனம் நொந்து பார்த்த ஒரு விஷயம். ஒருமுறை ஒரு ஐயாவின் நெஞ்சு நீர் ஒற்றைப் போத்தலில் வந்தது. கூட இரத்தம் வரவில்லை. நீரில் புரோட்டீன் எவ்வளவு, எல்டிஎச் (கலங்கள் சிதைந்தால் கூடும் ஒரு நொதியம்) எவ்வளவு என்று அளந்து கொடுத்தோம். ஒப்பிட்டுப் பார்க்க இரத்த அளவு இல்லாதபடியால் அந்த இலக்கங்களை வைத்து ஒன்றும் முடிவெடுக்க முடியவில்லை. போத்தலில் இருந்த நீரும் அரை நாள் மேசையில் கிடந்து கட்டியாகிவிட்டது, கலங்களை எண்ணவும் முடியவில்லை. நாலு நாள் கழித்து அந்த மனிதனுக்குத் திரும்பவும் ஊசி. எழுபது வயதுக்கு மேற்பட்டவர், ஒரு வார்த்தை முறையிடவில்லை. அதனாலேயே எனக்கு இன்னும் கவலையாக இருந்தது.

ஆகவே நீர் எடுக்கும் அன்றைக்கே இரத்தமும் எடுக்கப்படுகிறதா என்று பணிவாகக் கேளுங்கள். இரத்தத்தில் புரோட்டீன், எல்டிஎச், அல்புமின், சீனி பார்க்கப்பட வேண்டும். நீர் பல குழாய்களுக்குப் பிரிந்து போகவேண்டும். புரோட்டீன், எல்டிஎச், ஏடிஏ (இதைப் பின்னால் விளங்கப்படுத்துகிறேன்) பார்க்க மருந்தில்லாத சாதாரண குழாய். கலங்களை எண்ண ஊதா மூடிக் குழாய், உறையாமல் இருக்க. சீனிக்குச் சாம்பல் மூடிக் குழாய், இல்லாவிட்டால் போகும் வழியிலேயே கலங்கள் சீனியைத் தின்றுவிடும். கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்க, கிருமி நீக்கிய போத்தல். கட்டிலடியிலேயே இரத்தக் கல்ச்சர் போத்தலுக்குள்ளும் கொஞ்சம் விட்டால் கிருமி பிடிபடும் வாய்ப்புக் கூடும். சைட்டோலஜிக்கு, அதாவது புற்றுநோய்க் கலங்களைத் தேட, 25 முதல் 50 மில்லிலீற்றர் வரை வேண்டும். இரண்டு மில்லிலீற்றர் அனுப்பிவிட்டு "கலங்கள் காணப்படவில்லை" என்று வந்தால் அதற்குப் பெறுமதி இல்லை. சில இடங்களில் போத்தலை நோயாளியின் ஆட்களிடமே கொடுத்துக் கொண்டுபோகச் சொல்வார்கள். அப்படியென்றால் பெயர், திகதி, எந்தப் பக்கம் என்பவை எழுதியிருக்கிறதா என்று பார்த்து, நேரே கொண்டுபோய்க் கொடுங்கள். தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போகலாம் என்று நிற்க வேண்டாம்.

நிறத்தைக் கேட்டு எழுதிவையுங்கள். வைக்கோல் நிறம் என்றால் பல காரணம் இருக்கலாம். சீழாக இருந்தால் வேறு பரிசோதனைக்குக் காத்திராமல் குழாய் போட்டு வடிக்கவேண்டும். கெட்ட மணம் இருந்தால் காற்றில்லாமல் வளரும் பற்றீரியா. இரத்தம் கலந்திருந்தால் புற்றுநோய், காயம், நுரையீரலில் இரத்தக்கட்டி ஆகியவற்றை நினைப்பார்கள், ஆனால் காசநோயிலும் அது வரும். பால்போல இருந்தால் அதற்குத் தனிக் கதை, பின்னால் சொல்கிறேன்.

முதற் கணக்கு: எந்தக் குடும்பம்?

1972 இல் ரிச்சர்ட் லைட் என்ற அமெரிக்க மருத்துவர் கொடுத்த மூன்று விதிகளை உலகமெங்கும் இன்றும் பாவிக்கிறார்கள். வீட்டில் கொப்பியில் போட்டுப் பார்க்கக்கூடிய கணக்குத்தான். நீரின் புரோட்டீனை இரத்தப் புரோட்டீனால் பிரித்தால் 0.5 க்கு மேல் வருகிறதா? நீரின் எல்டிஎச்சை இரத்த எல்டிஎச்சால் பிரித்தால் 0.6 க்கு மேல் வருகிறதா? நீரின் எல்டிஎச், இரத்தத்துக்கு அந்தப் பரிசோதனைக்கூடம் போட்டிருக்கும் இயல்பான உச்ச அளவின் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டுகிறதா? இந்த மூன்று கேள்விகளில் ஏதாவது ஒன்றுக்கு "ஓம்" என்றாலே எக்சுடேட்.

ஒரு உதாரணம் பார்ப்போம். நீரில் புரோட்டீன் டெசிலீற்றருக்கு 4.8 கிராம், இரத்தத்தில் 7.4. பிரித்தால் 0.65. நீரில் எல்டிஎச் 480, இரத்தத்தில் 240. பிரித்தால் 2. சந்தேகமே இல்லை, சவ்வு நோய்ப்பட்டிருக்கிறது. காரணத்தைத் தேடித்தான் ஆகவேண்டும்.

இன்னொன்று. நீரில் புரோட்டீன் 3.6, இரத்தத்தில் 6.9. பிரித்தால் 0.52. நீரில் எல்டிஎச் 130, இரத்தத்தில் 240. அது 0.54. உச்ச அளவு 250 என்றால் மூன்றில் இரண்டு பங்கு 167, அதையும் தாண்டவில்லை. ஒரே ஒரு விதி, அதுவும் மயிரிழையில், எக்சுடேட் என்கிறது. இந்த அம்மா பத்து நாளாக புருசமைட் எடுப்பவர். அந்த மருந்து தண்ணீரை மட்டும் இழுத்து வெளியேற்றுவதால் நெஞ்சில் மிச்சம் இருக்கும் நீர் தடித்துப்போகிறது. இதய வருத்த நீர்கூட அப்போது எக்சுடேட் வேசம் போடும். உண்மையில் ட்ரான்சுடேட்டாக இருக்கும் நீரில் ஏறக்குறைய நாலில் ஒன்றை இந்த விதிகள் இப்படித் தவறாகச் சேர்த்துவிடுகின்றன. அங்கேதான் அல்புமின் உதவிக்கு வரும். இப்போது பிரிக்கவேண்டாம், கழிக்கவேண்டும். இரத்த அல்புமின் 3.8, நீரில் 2.3, வித்தியாசம் 1.5. வித்தியாசம் 1.2 ஐத் தாண்டினால் அது இதய நீர் என்ற பக்கமே சாயும். புரோட்டீன் வித்தியாசமும் அப்படித்தான், 3.1 ஐத் தாண்டவேண்டும். இங்கே 3.3. அந்த அம்மாவுக்குக் காசநோய், புற்றுநோய் என்று தேடி அலைய வேண்டியதில்லை. மருந்துத் துண்டை முன்னமே காட்டுங்கள் என்று சொன்னது இதற்காகத்தான்.

வசதி இருந்தால் என்டி-புரோபிஎன்பி என்ற பரிசோதனையும் செய்வார்கள். இதயச் சுவர் இழுபடும்போது சுரக்கும் பொருள் அது. மில்லிலீற்றருக்கு 1500 பிகோகிராமுக்கு மேல் இருந்தால் நெஞ்சு நீர் இதயத்தால் வந்ததற்கு நல்ல ஆதாரம். நீரில் பார்த்தாலும் இரத்தத்தில் பார்த்தாலும் ஏறக்குறைய ஒரே பதில்தான் கிடைக்கும், ஆகவே இரத்தத்தில் பார்த்தால் போதும்.

கணக்குப் போடும்போது அலகைப் பாருங்கள். ஒரு தாளில் புரோட்டீன் 48 என்றும் மற்றத் தாளில் 7.4 என்றும் இருந்தால், ஒன்று லீற்றருக்கு, மற்றது டெசிலீற்றருக்கு. 48 என்பது 4.8 தான்.

ஏடிஏ: எங்கள் ஊரில் அதிகம் கேட்கப்படும் இலக்கம்

எக்சுடேட் என்று தெரிந்து, ஊதாக் குழாயில் எண்ணிய கலங்களில் லிம்போசைட் என்ற வெண்கலங்கள் பாதிக்கு மேல் இருந்தால் காசநோய், புற்றுநோய் என்ற இரண்டு பெயரும் முன்னுக்கு வரும். இரண்டையும் பிரித்துப் பார்க்க மிக உதவும், விலையும் அதிகமில்லாத பரிசோதனை ஏடிஏ என்ற நொதியம். காசநோய்க் கிருமியோடு சண்டை பிடிக்கும் கலங்கள் அதை நீருக்குள் விடுகின்றன. 40 அலகுக்கு மேல், லிம்போசைட்டும் அதிகம், வயது குறைவு, பல கிழமையாகக் காய்ச்சல் என்றால் காசநோய் என்றே எடுத்து மருந்தைத் தொடங்குவது பல நாடுகளில் வழக்கம்.

ஏன் கிருமியையே நேரடியாகத் தேடக்கூடாது என்று கேட்பீர்கள். தேடத்தான் வேண்டும், ஆனால் இந்த நீரில் கிருமி மிகக் குறைவு. தண்ணீர் சேர்வதே கிருமியின் எண்ணிக்கையைவிட, அதற்கு எதிராக உடம்பு கொதித்தெழுவதால்தான். நுணுக்குக்காட்டியில் பார்த்தால் நூறு பேரில் பத்துப் பேருக்குக்கூடத் தெரியாது. கல்ச்சரில் அதைவிடக் கூடுதலாகக் கிடைக்கும், ஆனால் ஆறு முதல் எட்டுக் கிழமை வரை காத்திருக்கவேண்டி வரலாம். கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன்எக்ஸ்பேர்ட் பரிசோதனை சில மணிநேரத்தில் பதில் தரும். ஆம் என்று வந்தால் நம்பலாம், இல்லை என்று வந்தால் அதை வைத்துக் காசநோய் இல்லை என்று சொல்லமுடியாது, நெஞ்சு நீரில் அது பாதிப் பேரைக்கூடத் தவறவிடும். "டெஸ்ட் நெகடிவ், சயரோகம் இல்லையாம்" என்று மகிழ்ந்து வீட்டுக்குப் போனவர்களை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கும். அந்த ஒரு தாளோடு வீட்டுக்குப் போகாதீர்கள், "ஏடிஏ எவ்வளவு?" என்று கேளுங்கள். சளி வராவிட்டாலும் முயன்று எடுத்து அதையும் கொடுங்கள். எக்ஸ்ரேயில் நுரையீரல் தெளிவாக இருக்கும்போதே சளியில் கிருமி பிடிபடுவது உண்டு.

ஏடிஏயும் ஏமாற்றும். சீழ் பிடித்த நெஞ்சிலும், வாத மூட்டுவருத்தத்திலும், லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோயிலும் அது ஏறும். 250 ஐத் தாண்டிப் போனால் காசநோயைவிடச் சீழையும் லிம்போமாவையும் முதலில் நினைக்கவேண்டும். வயதானவர்களில் காசநோய் இருந்தும் 40 க்குக் கீழே நிற்பது உண்டு. இலக்கம் ஒன்று மட்டும் தீர்ப்புச் சொல்லாது. கலங்களின் வகை, வயது, காய்ச்சல் எல்லாம் பக்கத்தில் இருந்து சாட்சி சொல்லவேண்டும்.

காசநோய்தான் என்று முடிவானால் மனம் உடையாதீர்கள். மாவட்டம்தோறும் இருக்கும் மார்பு நோய்ச் சிகிச்சை நிலையத்தில் மருந்து இலவசம். வழமையாக ஆறு மாதம். சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும், அது குளிசையின் நிறம், பயப்பட ஒன்றுமில்லை. அந்த ரிபாம்பிசின் குளிசை வார்பரினையும் கர்ப்பத்தடைக் குளிசையையும் பலவீனப்படுத்தும் என்பதை மட்டும் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள். நெஞ்சு நீரில் மட்டும் காசநோய் இருந்து சளியில் கிருமி இல்லையென்றால் அவர் மற்றவருக்குப் பரப்புவது மிகக் குறைவு. தனிக் கோப்பை, தனிப் பாய் என்று ஒதுக்கிவைத்து ஒரு பெண்பிள்ளையின் கலியாணத்தைக் குழப்பும் வேலையை நாங்கள் இன்னும் செய்துகொண்டிருக்கிறோம். அதை விடவேண்டும்.

காய்ச்சலும் சீழும்: மணிக்கணக்கு

நிமோனியாவை ஒட்டிச் சேரும் நீரில் நியூட்ரோபில் என்ற வெண்கலங்கள் அதிகமாக இருக்கும். இங்கே கேள்வி, மருந்து மட்டும் போதுமா, குழாய் போட்டு வடிக்கவேண்டுமா என்பது. அதற்கு நம்பகமான குறி நீரின் பிஎச், அதாவது அமிலத்தன்மையைக் காட்டும் அளவு. 7.2 க்குக் கீழே போனால் வடிக்கவேண்டும். காற்றுப்படாத, ஹெபரின் தடவிய சிரிஞ்சில் எடுத்து, இரத்த வாயு பார்க்கும் மெசினில் ஒரு மணிநேரத்துக்குள் பார்க்கவேண்டும். காற்றுக் குமிழ் இருந்தால் பிஎச் பொய்யாக ஏறும், விறைப்பு மருந்து கலந்தால் பொய்யாக இறங்கும். அந்த வசதி இல்லாத இடத்தில் நீரின் சீனியைப் பார்க்கலாம். டெசிலீற்றருக்கு 60 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் யோசிக்கவேண்டும், 40 க்குக் கீழே என்றால் தாமதிக்கக்கூடாது. எல்டிஎச் 1000 ஐத் தாண்டுவதும் அதே எச்சரிக்கைதான்.

எங்கள் பகுதிக்கு இன்னொன்று சேர்க்கிறேன். பெரும்போக மாரியில் சேற்றில் நின்ற ஒருவர், சீனி வருத்தக்காரர், கடும் காய்ச்சலோடு நெஞ்சில் சீழ் என்றால் மெலியோய்டோசிஸ் என்ற நோயை நினைக்கவேண்டும். மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் பற்றீரியா அது, இலங்கையில் வயற்காரர்களில் காணப்படுகிறது. நிமோனியாவுக்கு வழமையாகக் கொடுக்கும் பல மருந்துகளுக்கு அது அடங்காது. செப்டாசிடிம் அல்லது மெரோபெனம் ஊசி இரண்டு கிழமைக்குக் குறையாமலும், அதன் பிறகு மாதக்கணக்கில் குளிசையும் வேண்டும். கல்ச்சரில் வளர்ந்தாலும் "வெளியிலிருந்து கலந்த கிருமி" என்று தள்ளிவிட இடமுண்டு. பரிசோதனைக்கூடத்துக்குப் போகும் துண்டில் "விவசாயி, நீரிழிவு" என்ற இரண்டு சொல் இருந்தால் அந்தக் கல்ச்சர் தட்டைப் பார்க்கிறவர் இன்னொரு முறை பார்ப்பார். இதை நான் அனுபவத்தில் சொல்கிறேன்.

புற்றுநோய் என்ற சந்தேகம் வந்தால்

சைட்டோலஜிதான் அடிப்படை. நீரில் புற்றுநோய்க் கலம் கண்டால் கேள்வி தீர்ந்தது. காணாவிட்டால் தீரவில்லை, ஏனென்றால் உண்மையில் புற்றுநோயால் வந்த நீரில் ஏறக்குறைய 60 வீதத்தில்தான் அது பிடிபடும். இரண்டாம் முறை அனுப்பினால் கொஞ்சம் கூடும், மூன்றாம் முறையில் பெரிய பயன் இல்லை. சவ்விலேயே தொடங்கும் அஸ்பெஸ்டஸ் புற்றுநோயில் இன்னும் குறைவு.

புற்றுநோய் மார்க்கர் என்ற பெயரில் சிஈஏ, சிஏ-125 என்பவற்றைத் தனியார் கூடங்களில் காசு கட்டிப் பார்த்துக்கொண்டு வருகிறார்கள். நீரில் சிஈஏ மிக உயர்ந்திருந்தால் நுரையீரல், குடல், மார்பகப் புற்றுநோய்ப் பக்கம் சாயலாம், குறைவாக இருந்தால் ஒன்றையும் மறுக்கமுடியாது. சிஏ-125 ஐப் பற்றி உரக்கச் சொல்லவேண்டும்: நெஞ்சிலோ வயிற்றிலோ நீர் சேர்ந்தாலே அது ஏறும். இதய வருத்தத்திலும் ஏறும், காசநோயிலும் ஏறும், ஈரல் சுருக்கத்திலும் ஏறும். அந்த ஒரு இலக்கத்தைப் பார்த்து "சூலகப் புற்றுநோய்" என்று வீடே அழுத ஒரு குடும்பம் எனக்குத் தெரியும். அந்த அக்காவுக்குக் காசநோய். மருந்து எடுத்துச் சுகமாக இருக்கிறார்.

கலம் கண்டுவிட்டால் அத்தோடு மாதிரியை விட்டுவிட வேண்டாம். நீரிலுள்ள கலங்களைத் திரட்டி மெழுகுக் கட்டியாக வைப்பார்கள், செல் புளொக் என்று பெயர். அதில் எந்த உறுப்பின் புற்றுநோய் என்று சாயமிட்டுப் பார்க்கலாம். நுரையீரல் புற்றுநோயென்றால் ஈஜிஎப்ஆர் போன்ற மரபணு மாற்றத்தையும் பார்க்கலாம். அது இருந்தால் குளிசையாலேயே வைத்தியம் செய்யும் வழி திறக்கலாம். "செல் புளொக் வைத்திருக்கிறீங்களா?" என்பது மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் கேட்கவேண்டிய கேள்வி.

அரிதானவை, சுருக்கமாக

பால் நிற நீரில் ட்ரைகிளிசரைட் என்ற கொழுப்பு டெசிலீற்றருக்கு 110 மில்லிகிராமைத் தாண்டினால் நிணநீர்க் குழாய் உடைந்திருக்கிறது. காயம், நெஞ்சுச் சத்திரசிகிச்சை, லிம்போமா காரணமாக இருக்கலாம். சாப்பிடாமல் கிடந்த நோயாளியில் அந்தப் பால் நிறம் தெரியாமலும் போகும். இரத்தம்போல நீர் வந்தால் அதன் பிசிவியைப் பார்ப்பார்கள். நோயாளியின் இரத்தப் பிசிவியின் பாதியைத் தாண்டினால் அது நீர் அல்ல, இரத்தமேதான். அமைலேஸ் என்ற செரிமான நொதியம் ஏறினால் பிழை கணையத்தில் அல்லது உணவுக்குழாயில் இருக்கலாம். சிறுநீரில் போகும் கழிவான கிரியாட்டினின், இரத்தத்தைவிட நெஞ்சு நீரில் கூடுதலென்றால் சிறுநீர்தான் மேலே ஏறி வந்திருக்கிறது. மூட்டுவாதக்காரரின் நீரில் சீனி மிக மிகக் குறைவாக இருக்கும். இவை எல்லாருக்கும் செய்யவேண்டியவை அல்ல.

இன்னும் காரணம் தெரியவில்லை என்றால்

எக்சுடேட், சைட்டோலஜியில் ஒன்றுமில்லை, ஏடிஏ நடுவில் நிற்கிறது என்று பலர் சிக்கிக்கொள்வார்கள். அங்கே திரும்பத் திரும்ப நீரை எடுத்துக்கொண்டிருப்பதில் பயனில்லை. சவ்விலிருந்தே ஒரு துண்டு எடுக்கவேண்டும். ஸ்கேன் பார்த்து ஊசியால் எடுக்கலாம், அல்லது சின்னக் கமராவை நெஞ்சுக்குள் விட்டுப் பார்த்து எடுக்கலாம். கமராவால் எடுத்தால் காசநோயும் புற்றுநோயும் 90 வீதத்துக்கு மேல் பிடிபடும். அதற்காகக் கண்டிக்கோ வெலிசறை மார்பு நோய் ஆஸ்பத்திரிக்கோ அனுப்புவார்கள். திருகோணமலையிலிருந்து இரவு பஸ்ஸில் போய் இறங்கி, "பழைய ரிப்போர்ட் எங்கே?" என்று அவர்கள் கேட்கும்போது கைவிரிக்கக்கூடாது.

கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் ஒரு பக்கத்தை இதற்கென்று ஒதுக்குங்கள். நீர் எடுத்த திகதி, எத்தனை மில்லிலீற்றர், என்ன நிறம். நீரின் புரோட்டீன், எல்டிஎச், சீனி, ஏடிஏ. அதே நாளின் இரத்த அளவுகள் பக்கத்தில். லிம்போசைட் எத்தனை வீதம். கல்ச்சர் எங்கே கொடுத்தது, எப்போது பதில் வரும். சைட்டோலஜி இலக்கம், ஏனென்றால் செல் புளொக்கைப் பின்னர் எடுப்பது அந்த இலக்கத்தை வைத்துத்தான். எக்ஸ்ரே படங்கள் நீர் எடுக்குமுன் ஒன்றும் எடுத்தபின் ஒன்றும் வேண்டும், மடிக்காமல் கொண்டுபோங்கள். எடுக்கும் குளிசைகளின் பெயர். எந்தப் பக்கம் என்பதையும் மறக்காமல் எழுதுங்கள், வலதா இடதா என்று.